ஒரு புரோட்டானும் வீணாகாமல்

அமெரிக்காவில் சிகாகோ நகரிலிருந்து மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி, பட்டேவியா என்ற ஊரை ஒட்டிய புல்வெளியில் ஃபெர்மி தேசிய முடுக்கி ஆய்வகம் இருக்கிறது. அங்கே எந்தச் சோதனை நடந்தாலும் அதற்கான புரோட்டான்கள் கிளம்புவது 1970இல் ஓடத் தொடங்கிய ஒரு நேர்க்கோட்டு முடுக்கியிலிருந்துதான். 1993இல் அதன் பின்பகுதியை மாற்றி ஆற்றலை இரட்டிப்பாக்கினார்கள். முன்பகுதி இன்னும் பழையதுதான். அதற்கு ரேடியோ அலையை ஊட்டும் ராட்சத வால்வுகளை ஒரே ஒரு தயாரிப்பாளர்தான் செய்துகொடுத்துவந்தார். டிரான்சிஸ்டர் வந்து எத்தனையோ காலமான பிறகும், உலகின் முன்னணி இயற்பியல் கூடம் ஒன்றின் தினசரி வேலை அந்த வால்வுகளை நம்பியே நடந்துவருகிறது.

இந்தப் பழைய இயந்திரத்துக்கு மாற்றாகத்தான் பிப்-2 என்ற புதிய முடுக்கியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2019 மார்ச் 15 அன்று முதல் மண் வெட்டினார்கள். 97.8 கோடி டாலர் மதிப்பீட்டிலான இந்தத் திட்டத்தின் கட்டுமானத்தை முழுவீச்சில் தொடங்க அமெரிக்க எரிசக்தித் துறை 2022இல் ஒப்புதல் தந்தது. 215 மீட்டர் நீளமுள்ள இந்த முடுக்கி ஒவ்வொரு புரோட்டானுக்கும் 80 கோடி எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலைத் தரும்.

இந்த எண்ணைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. ஜெனிவாவின் பெரும் ஹேட்ரான் மோதுவியில் ஒரு புரோட்டானின் ஆற்றல் 6.8 லட்சம் கோடி எலெக்ட்ரான் வோல்ட். அதாவது எட்டாயிரம் மடங்குக்கும் மேல். அப்படியானால் இவ்வளவு பணத்தைக் கொட்டி இந்தச் ‘சிறிய’ இயந்திரம் எதற்கு?

துகள் இயற்பியலில் புதியதைத் தேட இரண்டு வழிகள் உண்டு. ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போய், இதுவரை யாரும் உண்டாக்காத கனமான துகளை உண்டாக்கிப் பார்ப்பது ஒரு வழி. ஹிக்ஸ் துகள் அப்படித்தான் கிடைத்தது. கோடானுகோடி தடவைக்கு ஒரு தடவை நடக்கும் அபூர்வ நிகழ்ச்சிக்காகக் காத்திருப்பது இன்னொரு வழி. இதற்கு அளவுகடந்த ஆற்றல் தேவையில்லை; அளவுகடந்த எண்ணிக்கை தேவை. முதல் வழியைப் பற்றித் தமிழில் நிறையவே எழுதியாகிவிட்டது. இரண்டாவது வழி செய்திகளில் இடம்பிடிப்பதில்லை. என் பார்வையில் அடுத்த இருபது ஆண்டுகளின் நல்ல கேள்விகள் பல இந்த இரண்டாவது வழியில்தான் காத்திருக்கின்றன.

அவற்றில் முதன்மையானது நியூட்ரினோ. சூரியனிலிருந்து வரும் ஒரு நியூட்ரினோவைத் தடுக்க ஒளியாண்டுக் கணக்கில் தடிமனான ஈயச் சுவர் வேண்டும். இதை நீங்கள் படித்துக்கொண்டிருக்கும்போதே கோடிக்கணக்கான நியூட்ரினோக்கள் உங்கள் உடலில் நுழைந்து, எதையும் தொடாமல் வெளியேறிக்கொண்டிருக்கின்றன. இவற்றில் மூன்று வகை உண்டு. போகும் வழியிலேயே ஒரு வகை இன்னொன்றாக மாறும். மாறுவதற்கு நிறை வேண்டும். ஆகவே நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்று தெரியவந்தது. இதைக் காட்டிய கஜிடாவுக்கும் மெக்டொனால்டுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. துகள் இயற்பியலின் அடிப்படைக் கோட்பாடு ஆரம்பத்தில் நியூட்ரினோவை நிறையற்ற துகளாகவே வைத்திருந்தது. அந்தக் கோட்பாட்டில் விழுந்த தெளிவான விரிசல் இது.

இந்த விரிசலுக்குள் எட்டிப் பார்க்கத்தான் டியூன் என்ற சோதனை. ஃபெர்மி ஆய்வகத்தில் நியூட்ரினோக் கற்றையை உண்டாக்கி, 1,300 கிலோமீட்டர் தள்ளி, தெற்கு டகோட்டா மாநிலத்தில் லீட் என்ற ஊரின் அடியில், சுமார் ஒன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் அதைப் பிடிப்பார்கள். இடையில் சுரங்கம் எதுவும் கிடையாது. பூமி உருண்டை என்பதால், இரண்டு ஊர்களையும் இணைக்கும் நேர்க்கோடு நடுவழியில் தரைக்கு முப்பது கிலோமீட்டருக்கும் கீழே ஓடுகிறது. நியூட்ரினோவுக்குப் பாறையும் ஒன்றுதான், வெட்டவெளியும் ஒன்றுதான். இந்தத் தூரத்தைக் கடக்க அதற்கு ஆயிரத்தில் நாலரைப் பங்கு நொடிகூட ஆகாது.

நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை. எனவே அதை நேரடியாக முடுக்க முடியாது. புரோட்டான்களை முடுக்கி ஒரு கிராஃபைட் தண்டின்மேல் மோதவிடுகிறார்கள். சிதறும் துகள்களில் பெரும்பாலானவை பையான்கள். கொம்பு வடிவக் காந்தக் கருவிகள் இந்தப் பையான்களை ஒரே திசையில் குவிக்கும். குவிந்தவை 194 மீட்டர் நீளக் குழாய்க்குள் பறந்தபடியே சிதைந்து மியூவானாகவும் நியூட்ரினோவாகவும் பிரியும். அதற்கு அப்பால் பாறை. மற்றதெல்லாம் அங்கே நின்றுவிட, நியூட்ரினோ மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

லீட் ஊரின் அந்தப் பாதாளம் ஹோம்ஸ்டேக் என்ற பழைய தங்கச் சுரங்கம். 1960களின் பிற்பகுதியில் ரே டேவிஸ் சுமார் 600 டன் உலர்சலவைத் திரவத்தை அங்கே ஒரு தொட்டியில் நிரப்பி, சூரிய நியூட்ரினோக்களை எண்ணத் தொடங்கினார். கணக்குப்படி வர வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைத்தது. நம் பக்கத்திலும் ஒரு தங்கச் சுரங்கம் இதே வேலையைச் செய்திருக்கிறது. கோலார் தங்கவயலில், தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தினரும் ஜப்பானின் ஒசாகா, பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து வைத்த கருவிகளில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் 1965இல் பதிவானது. உலகில் முதன்முறையாக அதைக் கண்டவர்களில் அவர்களும் உண்டு. நியூட்ரினோ ஆராய்ச்சி இந்தியாவுக்குப் புதிதல்ல.

டியூன் தேடுவது ஒரு வேறுபாட்டை. பெருவெடிப்பில் பொருளும் எதிர்ப்பொருளும் சமமாகத் தோன்றியிருக்க வேண்டும். சமமாகவே இருந்திருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்து, ஒளி மட்டுமே மிஞ்சியிருக்கும். விண்மீனோ கடலோ நாமோ வந்திருக்க முடியாது. எங்கோ ஒரு துளி ஓரவஞ்சனை நடந்திருக்கிறது. குவார்க்குகளிடம் அப்படியொரு வேறுபாட்டைக் கண்டிருக்கிறார்கள். பிரபஞ்சத்தில் மிஞ்சியிருக்கும் பொருளை விளக்க அது போதவில்லை. நியூட்ரினோ வகை மாறும் விதமும் எதிர்நியூட்ரினோ மாறும் விதமும் வேறுவேறா என்பதுதான் இப்போதைய கேள்வி. கொம்புகளில் ஓடும் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டால் நேர்மின் பையான்களுக்குப் பதில் எதிர்மின் பையான்கள் குவியும். கற்றையும் எதிர்நியூட்ரினோக் கற்றையாகிவிடும். இரண்டையும் மாறிமாறி அனுப்பி ஒப்பிடலாம்.

இங்கேதான் எண்ணிக்கை வந்து நிற்கிறது. திட்டப்படி 1.2 நொடிக்கு ஒருமுறை 75 லட்சம் கோடி புரோட்டான்கள் கிராஃபைட்டில் மோதும். ஒவ்வொன்றின் ஆற்றலும், பிப்-2ஐ அடுத்துள்ள வளையங்களில் மேலும் கூட்டப்பட்டு, அந்த நேரத்தில் 12,000 கோடி எலெக்ட்ரான் வோல்ட். ஒரு துடிப்பு சுமந்துவரும் மொத்த ஆற்றல் சுமார் 14 லட்சம் ஜூல். அதை 1.2 நொடியால் வகுத்தால் 12 லட்சம் வாட், அதாவது 1.2 மெகாவாட். அந்தப் பக்கம் பல பத்தாயிரம் டன் திரவ ஆர்கான் காத்திருக்கும். இத்தனைக்குப் பிறகும், பல ஆண்டுகள் ஓட்டினால் எலெக்ட்ரான் நியூட்ரினோவாக மாறி வந்தவை என்று எண்ணக்கூடியவை சில ஆயிரங்களைத் தாண்டாது. பாதித் தீவிரம் என்றால் இரட்டிப்புக் காலம். ஒரு மாணவர் முனைவர் பட்டம் தொடங்கி ஓய்வு பெறுவதற்குள் விடை வருமா வராதா என்பதையே புரோட்டான் எண்ணிக்கை தீர்மானித்துவிடுகிறது.

சரி, இருக்கும் இயந்திரத்திலேயே புரோட்டானைக் கூட்டிப் போட்டால் என்ன? முடியாது. புரோட்டான்கள் அனைத்தும் நேர்மின்னூட்டம் கொண்டவை, ஒன்றையொன்று தள்ளும். நெருக்கமாக அடைத்தால் கற்றை உப்பி, குழாய்ச் சுவரில் உரசும். பழைய நேர்க்கோட்டு முடுக்கி 40 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டில் தன் புரோட்டான்களை பூஸ்டர் என்ற 474 மீட்டர் சுற்றளவுள்ள வளையத்துக்குள் விடுகிறது. அப்போது அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தில் 71 விழுக்காடு. பூஸ்டருக்குள் நுழையும் அந்தத் தருணத்தில்தான் நெரிசல் மிக மோசம்.

சார்பியல் இங்கே கைகொடுக்கிறது. ஓடும் மின்னூட்டங்கள் காந்தப்புலத்தையும் உண்டாக்கும். ஒரே திசையில் ஓடும் இரண்டு கற்றைகளை அது ஒன்றையொன்று நோக்கி இழுக்கும். வேகம் கூடக்கூட இந்த இழுப்பு வலுத்து, மின்விலக்கத்தை ஏறக்குறைய ஈடுசெய்துவிடும். பிப்-2 புரோட்டான்களை 80 கோடி எலெக்ட்ரான் வோல்ட்டில், ஒளியின் வேகத்தில் 84 விழுக்காட்டில் உள்ளே விடும். வேகம் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. விலக்கத்தின் கெடுதியோ ஏறத்தாழப் பாதியாகிவிடுகிறது. அதனால் பூஸ்டரின் ஒவ்வொரு சுற்றிலும் சுமார் ஒன்றரை மடங்கு புரோட்டான்களை ஏற்ற முடியும். நொடிக்கு 15 என்றிருந்த சுற்றுகளும் 20 ஆகும். வளையத்தை இடித்துக் கட்டாமல், வாசலை மட்டும் மாற்றிப் பெறும் லாபம் இது. இந்தத் திட்டத்தின் அழகே இதில்தான் இருக்கிறது என்பேன்.

தீவிரக் கற்றையைக் கட்டுபவர்களைத் தூங்கவிடாத கவலை வேறொன்று: இழப்பு. வழிதவறிச் சுவரில் மோதும் ஒவ்வொரு புரோட்டானும் அந்த இடத்தைக் கதிரியக்கமாக்கும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஆட்கள் போய்க் கையால் பழுதுபார்க்க வேண்டுமானால், ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு வாட்டுக்குமேல் கற்றை இழப்பு கூடாது என்பது இந்தத் துறையின் எழுதப்படாத விதி. பிப்-2 முழு வீச்சில் இடைவிடாது ஓடினால் அதன் கற்றையின் திறன் 16 லட்சம் வாட். அதன் நீளத்துக்கு அனுமதிக்கக்கூடிய மொத்த இழப்பு சுமார் 200 வாட். எட்டாயிரம் புரோட்டானில் ஒன்றுக்குமேல் வழிதவறக் கூடாது என்று பொருள். தீவிர முடுக்கியின் திறமை எத்தனை புரோட்டான்களைத் தள்ளுகிறது என்பதைவிட எத்தனை குறைவாகச் சிந்துகிறது என்பதில்தான் இருக்கிறது.

அதற்கான ஏற்பாடுகளில் ஒன்று, புரோட்டானைப் புரோட்டானாகவே அனுப்பாமல் இருப்பது. பிப்-2இன் தொடக்கத்தில் கிளம்புவது எதிர்மின் ஹைட்ரஜன் அயனி: ஒரு புரோட்டான், கூடவே இரண்டு எலெக்ட்ரான்கள். வளையத்தில் ஏற்கெனவே சுற்றும் புரோட்டான்களோடு அதே தடத்தில் இன்னும் புரோட்டான்களைச் சேர்க்க இயற்கை இடம்தராது. புதியதை உள்ளே திருப்பும் காந்தம் பழையதை வெளியே திருப்பிவிடும், அல்லது இரண்டையும் பக்கம்பக்கமாகத்தான் வைக்க முடியும். எதிர்மின் அயனி காந்தத்தில் எதிர்ப்பக்கம் வளையும். ஆகவே வெளியிலிருந்து வரும் அயனியையும் உள்ளே சுற்றும் புரோட்டானையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, மெல்லிய கரித்தகடு ஒன்றில் ஊடுருவச் செய்யலாம். தகடு இரண்டு எலெக்ட்ரான்களையும் உரித்துவிடும். வந்தவையும் இருந்தவையும் ஒரே கற்றையாகிவிடும். சோவியத் ஒன்றியத்தின் நோவோசிபிர்ஸ்க் நகரில் புட்கரும் டிமோவும் 1960களில் செய்துகாட்டிய உத்தி இது. இன்றைய பெரிய புரோட்டான் வளையங்கள் பலவும் இதைத்தான் பின்பற்றுகின்றன.

முடுக்கும் வேலையைச் செய்வது கேவிட்டி எனப்படும் உள்ளீடற்ற நியோபியக் கூடு. அதற்குள் ரேடியோ அலை நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை திசை மாறும். சரியான கணத்தில் நுழையும் புரோட்டானுக்கு ஒரு தள்ளு கிடைக்கும். தாமிரத்தில் செய்தால் ஊட்டும் திறனில் பெரும்பகுதி சுவரைச் சுடுவதிலேயே போய்விடும். நியோபியத்தைத் திரவ ஹீலியத்தில் அமிழ்த்தி மைனஸ் 271 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுபோனால் அது மீக்கடத்தியாகிவிடும். இழப்பு எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு கணக்கு. நொடிக்கு 440 தடவை அதிரும் கோயில் மணி ஒன்று அதே தரத்தில் செய்யப்பட்டிருந்தால், சித்திரை முதல் நாள் ஒருமுறை அடித்த ஓசை ஆடி முதல் நாளிலும் மூன்றில் ஒரு பங்கு வீச்சோடு ஒலித்துக்கொண்டிருக்கும்.

எலெக்ட்ரான் முடுக்கி கட்டுபவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. எலெக்ட்ரான் சட்டென்று ஒளியின் வேகத்தை நெருங்கிவிடுவதால் ஒரே வடிவக் கேவிட்டியை வரிசையாக அடுக்கினால் போதும். புரோட்டான் கனமானது, மெல்லத்தான் வேகம் பிடிக்கும். பிப்-2இன் மீக்கடத்திப் பகுதிக்குள் நுழையும்போது ஒளியின் வேகத்தில் 7 விழுக்காடு, வெளியேறும்போது 84. வேகத்துக்கேற்ப இடைவெளி மாற வேண்டும் என்பதால் ஐந்து வகைக் கேவிட்டிகள், மூன்று வெவ்வேறு அதிர்வெண்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கேவிட்டிகளை கிரையோமாட்யூல் என்ற 23 குளிர்கலங்களுக்குள் பொருத்துகிறார்கள்.

ஒரு கேவிட்டி உருவாவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த வேலையின் அருமை புரியும். சில மில்லிமீட்டர் தடிமனுள்ள தூய நியோபியத் தகட்டைக் கிண்ணம்போல் அழுத்துகிறார்கள். இரண்டு கிண்ணங்களை விளிம்போடு விளிம்பு வைத்து, வெற்றிடத்துக்குள், எலெக்ட்ரான் கற்றையால் பற்றவைக்கிறார்கள். காற்று பட்டால் சூடான நியோபியம் ஆக்சிஜனை உறிஞ்சிக் கெட்டுப்போகும். பிறகு அமிலத்தால் உட்சுவரின் மேல்தோலை அரித்து மெருகேற்றுவார்கள். உயர் வெப்பத்தில் வெற்றிட உலையில் சுட்டு, உள்ளே ஒளிந்திருக்கும் ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். கடைசியில் மிகத் தூய நீரை அதிக அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவுவார்கள். அதன்பின் அதைத் திறப்பதும் இணைப்பதும் தூசியற்ற அறையில், தலை முதல் கால் வரை மூடிய உடையில்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசு உள்ளே விழுந்தால் போதும். உயர் மின்புலத்தில் அதன் கூர்முனையிலிருந்து எலெக்ட்ரான்கள் பாயத் தொடங்கிக் கேவிட்டியின் திறனையே தின்றுவிடும். மாதக்கணக்கான உழைப்பு ஒரு தூசில் போகும்.

இத்தனை நுட்பத்துக்குப் பிறகு, இந்த முடுக்கியின் பெரும்பகுதி நேரம் சும்மா இருக்கப்போகிறது. பூஸ்டருக்குத் தேவையானது நொடிக்கு 20 துடிப்புகள், ஒவ்வொன்றும் 0.55 மில்லி நொடி. ஆக, ஒரு நொடியில் 11 மில்லி நொடி வேலை. மீக்கடத்தியால் இடைவிடாமலும் ஓட முடியும் என்பதால் மிச்சமுள்ள 99 விழுக்காடு நேரத்தை வேறு சோதனைகளுக்குத் தரலாம். மியூவான் எதையும் உமிழாமல் நேராக எலெக்ட்ரானாக மாறுமா என்று தேடும் மியூ-டு-ஈ சோதனையின் அடுத்த கட்டத்தை இந்தக் கற்றையில் நடத்தத் திட்டம் வரைந்திருக்கிறார்கள். அப்படி ஒரு மாற்றம் ஒன்றே ஒன்று தென்பட்டாலும் பாடநூலைத் திருத்த வேண்டிவரும்.

திட்டம் இந்த வடிவத்துக்கு வந்ததும் எளிதாக அல்ல. 2000களின் பிற்பகுதியில் ‘புராஜெக்ட் எக்ஸ்’ என்ற பெயரில் இதைவிடப் பெரிய கனவு இருந்தது. முதலில் 800 கோடி, பிறகு 300 கோடி எலெக்ட்ரான் வோல்ட் என்று வரைபடங்கள் மாறின. 2011 செப்டம்பர் 30 அன்று டெவட்ரான் மோதுவி நிறுத்தப்பட்டபோது, ஃபெர்மி ஆய்வகத்தின் எதிர்காலம் தீவிரக் கற்றைகளில்தான் என்பது உறுதியானது. பணம்தான் இல்லை. 2014இல் அமெரிக்கத் துகள் இயற்பியலின் முன்னுரிமைக் குழு பிப்-2ஐப் பரிந்துரைத்தது: முதலில் 80 கோடி எலெக்ட்ரான் வோல்ட், எதிர்காலத்தில் கற்றையின் திறனை 2.4 மெகாவாட் வரை நீட்டிக்க வசதி. பெரிய கனவைச் சுருக்கியதில் வருத்தப்பட்டவர்கள் உண்டு. எனக்கு அது சரியான முடிவாகவே படுகிறது. கட்டி முடிக்கக்கூடிய இயந்திரமே அறிவியலுக்கு உதவும். ஜப்பானும் சும்மா இல்லை. டோக்கியோவுக்கு வடக்கே தோக்காய் ஊரிலுள்ள ஜே-பார்க் முடுக்கி 750 கிலோவாட்டை எட்டிவிட்டது. அதன் கற்றையைப் பிடிக்க ஹைப்பர்-கமியோகாண்டே என்ற பிரம்மாண்டமான நீர்த்தொட்டி 295 கிலோமீட்டர் தள்ளி உருவாகிவருகிறது.

அமெரிக்க மண்ணில் கட்டப்படும் முடுக்கிகளில், பிற நாடுகள் இவ்வளவு பெரிய பங்கைப் பொருளாகவே செய்துகொடுப்பது பிப்-2இல்தான் முதன்முறை. பிரான்ஸ், இத்தாலி, பிரிட்டன், போலந்து, இந்தியா. நம் அணுசக்தித் துறையின்கீழ் வரும் மும்பையின் பாபா அணு ஆராய்ச்சி மையம், இந்தூரின் ராஜா ராமண்ணா மையம், கொல்கத்தாவின் சைக்ளோட்ரான் மையம் ஆகியவையும், டெல்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையமும் இதில் வேலை செய்திருக்கின்றன. நியோபியக் கேவிட்டிகள், காந்தங்கள், வால்வுகளுக்குப் பதிலாக வரும் திண்மநிலை ரேடியோ அலைப் பெருக்கிகள் என்று பட்டியல் நீளும். 2018 ஏப்ரலில் டெல்லியில் கையெழுத்தான ஒப்பந்தம் இந்தக் கூட்டுறவை நியூட்ரினோ ஆராய்ச்சிக்கும் விரித்தது.

இந்தியா தன் பங்கைச் செலவாகப் பார்க்கவில்லை. தொழில் கற்கும் வழியாகப் பார்க்கிறது. அதற்குக் காரணம் தோரியம். சுமார் 100 கோடி எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான் ஒன்று ஈயம் போன்ற கனத்த உலோகத்தில் மோதினால் இருபது நியூட்ரான்கள் அளவில் தெறிக்கும். அவற்றைத் தோரியத்தின்மீது செலுத்தி அணுஉலையை ஓட்டலாம். முடுக்கியை அணைத்தால் தொடர்வினையும் நின்றுவிடும். அந்தத் தோரியத்தைத் தாங்கிய மோனசைட் மணல் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடக்கிறது. ஆனால் அதற்குத் தேவையான கற்றை பிப்-2இன் கற்றையைவிடப் பல மடங்கு தீவிரமானது. மும்பையில் நாமே கட்டிய லெஹிபா முடுக்கி எட்டியிருப்பது 2 கோடி எலெக்ட்ரான் வோல்ட். பிப்-2 தரப்போவதில் நாற்பதில் ஒரு பங்கு.

நியோபியத்தை வெட்டவும் பற்றவைக்கவும் தூசியில்லாமல் பூட்டவும் தெரிந்த கைகள் இப்போது இந்தூரிலும் டெல்லியிலும் இருக்கின்றன. அவர்கள் ஓய்வு பெறுவதற்குள் நூறு கோடி எலெக்ட்ரான் வோல்ட் புரோட்டான் முடுக்கியை இந்திய மண்ணில் தொடங்கிவிட வேண்டும். பல ஆண்டுகளாகத் திட்ட அறிக்கைகளில் இருக்கும் இயந்திரம் அது; அரசு அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். இயற்பியலும் பொறியியலும் படிக்கும் நம் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முடுக்கி இயற்பியலைப் பாடத்தில் வைத்திருக்கும் கல்லூரிகள் இங்கே மிகக் குறைவு என்பதால் இந்தத் துறை இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பயிற்சிப் பள்ளிக்கு ஆண்டுதோறும் ஆள் எடுக்கிறார்கள். இந்தூரிலும் அதன் கிளை உண்டு. விண்ணப்பியுங்கள்.